வீட்டுப் பதிப்பு

மார்ச் 4

'சாரம்' விளையாட்டின் வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகளில் நிற்கும் தங்கள் 'சாரம்' வீடியோ கேமை வீட்டு டிவியில் ஆடும்படி மாற்றித் தரும் உரிமை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்துள்ளது. அந்த வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கட்டடச் சாரத்தில் ஏறும் பெயிண்டர், மேலிருந்து உருண்டு வரும் டப்பாக்கள், கப்பியில் ஏறி இறங்கும் பலகை, உச்சியில் அடிக்கும் காற்று என்று நான்கு கட்டங்களிலும் வருவதையெல்லாம் கடையில் நின்று ஆடிப் பார்த்துவிட்டேன். சில விஷயங்கள் ஆடிப் பார்த்தும் பிடிபடவில்லை.

தங்கள் மெஷினில் திரை நெட்டுக்குத்தாக நிற்கிறது. வீட்டு டிவி படுத்துக் கிடக்கிறது. ஆறு தட்டுச் சாரம் அதில் அடங்காது. ஐந்தாகக் குறைக்கலாமா? பெயிண்டர் ஒருமுறை தாவிவிட்டால் நடுவில் திசை மாற்ற முடியவில்லை. இது வேண்டுமென்றே செய்ததா, அல்லது மெமரி போதாமல் விட்டதா? மூன்றாவது, தன் உயரத்தைவிடச் சற்று அதிகமாக விழுந்தாலும் இறந்துவிடுகிறார். வீட்டில் ஆடுபவர்களுக்கு இதைக் கொஞ்சம் தளர்த்த அனுமதி உண்டா?

விளையாட்டு பதிந்த கார்ட்ரிட்ஜ் தொழிற்சாலைக்குப் போகும் முன் மாதிரியில் தங்கள் கையெழுத்து தேவை என்று ஒப்பந்தத்தில் உள்ளது. அதற்கும் சேர்த்து இப்போதே நன்றி.

மேலே இருப்பது மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு அனுமதித்தது. இனி வருவது என் பேனாவில்.

அக்கா, இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. ஒப்பந்தத்தில் உன் பெயரைப் பார்த்ததும் 'இவங்க என் அக்கா' என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் 'அப்ப போன் போட்டுக் கேட்டுடும்மா' என்றிருப்பார். நாம் பேசிக்கொள்வதில்லை என்பதை அவருக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது? அதனால் தபால்.

சின்னவள்


மார்ச் 16

சின்னவளுக்கு,

ஐந்து தட்டு போதும். ஆறையும் திணித்து ஆளைக் கொசுவாக்கிவிடாதே.

தாவல் வேண்டுமென்றே வைத்ததுதான். கால் தரையை விட்ட பிறகு யாராலும் மனசை மாற்றிக்கொள்ள முடியாது.

விழுந்தால் சாவு. இதில் கை வைக்காதே. கடையில் ஆடுகிறவனுக்குப் பின்னால் நாலு பேர் முறைக்காக நிற்கிறார்கள். அவன் சீக்கிரம் இடம்விட வேண்டும். மெஷினை வாங்கிப் போட்டவனுக்கும் அதுதான் லாபம். வீட்டில் யாரும் பின்னால் நிற்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் விதி விதிதான்.

உன் பேனாவில் எழுதியதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் இந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்ப் போய் வந்தேன். நீ இந்தத் துறைக்கு வந்ததே எனக்குத் தெரியாது. கணக்கு வாத்தியாராகப் போவாய் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் எல்லோரும் சுகம்தானே.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா என்று கேட்டிருக்கிறாய். அம்மா போன பிறகு இந்த வீட்டில் இருப்பது நானும் அப்பாவும்தான். நான் சுகம். மீதி எல்லோரையும் நீயே கேட்டுக்கொள்ளலாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் மூன்று பேருக்கு ஒரே டிவி. மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்திரி. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் 'இதை வெட்டு, அதை வெட்டு' என்பார். அவர் கண்ணில் படாமல் வேலை செய்யலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கேம் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அப்பா ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் முதல் கட்டத்தை ஓடவிட்டேன்.

"என்னது இது?" என்றார்.

"வேலைப்பா. ஒரு பெயிண்டர் சாரத்துல ஏறணும்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "டப்பாவை முழங்கையில மாட்டியிருக்கானே. எவனும் அப்படி மாட்ட மாட்டான். கொக்கி போட்டுத் தொங்கவிடுவான். நான்தான் மாட்டுவேன். அதுக்கு மேஸ்திரிகிட்ட தினமும் திட்டு வாங்குவேன்."

நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தொப்பியும் பின்பக்கமாப் போட்டிருக்கான். யாரு செஞ்சது இது?"

"அக்காப்பா."

கையை நீட்டினார். ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் தள்ளினால் எங்கே போகும் என்று பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரமானது. இரண்டாம் தட்டு வரை ஏறினார். டப்பா உருண்டு வந்தது, தாவினார், விளிம்பு தவறிவிட்டது. பெயிண்டர் மல்லாந்து கிடந்தார். தொப்பி மட்டும் உருண்டு போய் நின்றது.

"செத்துட்டானா?"

"ஆமாப்பா."

"இந்த உயரத்துல இருந்தா?"

"விதி அப்படி."

மறுபடி ஆடினார். மறுபடி விழுந்தார். கடைசியில் ஜாய்ஸ்டிக்கை என் மடியில் வைத்துவிட்டு, "பெரியவ என்னைக் கொன்னுட்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேப்பரில் வந்த சேதியைப் படிப்பது மாதிரி சொன்னார். 'பெரியவ' என்ற சொல்லே இத்தனை வருஷமாக அவர் வாயில் வந்ததில்லை.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "பெட்டியை வச்சுட்டுப் போ" என்றார்.

அக்கா, வீட்டுப் பதிப்பில் மட்டும் அவர் எழுந்திருக்கட்டும். விழுந்தால் கீழ்த்தட்டிலிருந்து மறுபடி ஏறட்டும். நேரம் போகும், உயிர் போகாது. அனுமதி கொடு.

சின்னவள்


ஏப்ரல் 12

அதை அப்பாவிடம் காட்டச் சொல்லி உன்னிடம் யார் சொன்னது?

நான் அவரை வரைய உட்காரவில்லை. முதலில் ஒரு திருடனை வரைந்தேன். பிறகு ஒரு சமையல்காரனை. இரண்டும் பொம்மைகளாகவே நின்றன. ஏறுகிற ஆள் என்று நினைத்த மாத்திரத்தில் கை தானாக டப்பாவை முழங்கையில் மாட்டிவிட்டது. மாற்றிப் பார்த்தேன், ஆள் ஏறவில்லை. அப்படியே விட்டேன். இந்த மெஷின் அந்த ஊருக்கு வந்தாலும் அப்பா வீடியோ கேம் கடைக்குள் கால் வைக்கப் போகிறவரா என்ற தைரியம்தான்.

விழுந்தால் ஏன் சாவு என்று கேட்கிறாய். கடைக்காரன் லாபத்தை உனக்குச் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை நழுவியது. அவர் கால் ஒருமுறை காற்றை மிதித்தது. மணல்மேட்டில் வந்து விழுந்த சத்தம் பெரிய சத்தம் இல்லை, மூட்டை போட்ட மாதிரிதான். தொப்பி தனியாக உருண்டது. அவர் அசையவில்லை. ஆட்கள் ஓடி வருகிற வரைக்கும் எனக்கு அப்பா இல்லை.

உயிர் இருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரி, இடுப்பில் கட்டு, எல்லாம் நடந்தது. சரி. அத்தனைக்கும் பிறகு மறுபடி சாரம் ஏறப் போகிறேன் என்றார். 'ஏறினீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்' என்றேன். ஏறத்தான் கிளம்பினார். நான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். நாங்கள் இருவருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம்.

எழுந்திருப்பான் என்று தெரிந்தால் ஏறுவதில் என்ன பயம்? பயமில்லாமல் ஆடினால் அது ஏணிப் பயிற்சி. அனுமதி இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவள் நான் என்பதை மறந்துவிடாதே.

அக்கா


ஏப்ரல் 25

நீ பார்த்ததை எழுதிவிட்டாய். நான் பார்த்ததை எழுதுகிறேன், படி.

நீ போன பிறகு அவர் உடனே ஏறிவிடவில்லை. உனக்குச் சொன்ன சொல்லுக்காக வீம்பாக அன்றைக்குக் கட்டடத்துக்குப் போனார். அதோடு சரி. திரும்பி வந்துவிட்டார். அம்மா என்னைத்தான் மறுநாள் கூட அனுப்பினாள். ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்தார். அப்படியே நின்றார். கீழே இறங்கினார். பீடி பற்ற வைத்தார். மறுபடி காலை வைத்தார். மேலே சாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கிற மாதிரி பாவனை செய்தார்கள். அன்றைக்கும் ஏறவில்லை. அடுத்த நாளும் போனோம். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படி எத்தனையோ காலை. ஏறிய அன்றைக்கு முதல் தட்டில் உட்கார்ந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றார்.

பயமில்லாத ஏறல் என்கிறாயே. செத்தவனுக்கு என்ன பயம் அக்கா? உன் விளையாட்டில் ஆள் செத்ததும் புதிதாக ஒரு ஆள் வருகிறான். அவனுக்கு எதுவும் தெரியாது, குஷியாக ஏறுகிறான். விழுந்து எழுந்தவனுக்குத்தான் பயம். அது உன் மெஷினில் இல்லவே இல்லை.

உன் அனுமதி இல்லாமலே செய்துவிட்டேன். விழுந்தால் எழுந்திருக்கிறார். எழுந்திருக்க இரண்டு படம் கூடுதலாக வேண்டியிருந்தது. கார்ட்ரிட்ஜில் ஒரு பொட்டு இடம் மிச்சமில்லை. நாலாம் கட்டத்தைத் தூக்கிவிட்டேன். காற்றடிக்கும் உச்சி இனி இல்லை. கத்திரிக்கு மகா சந்தோஷம்.

மாதிரி இந்தப் பார்சலில் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடவில்லை என்றால் இந்த வேலையை வேறு ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் நீ சொன்ன விதிப்படி செய்து கொடுப்பார். எனக்கு இங்கே அதற்குப் பிறகு இடம் இருக்குமா என்று தெரியாது. அதை யோசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கையெழுத்துப் போடாதே.

சின்னவள்


மே 10

சின்னவளுக்கு,

என்னிடம் டிவி கிடையாது. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவளுக்கு அறையிலும் எதற்கு என்று வாங்கவில்லை. கீழே சலவைக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் கேட்டு, அவர்கள் டிவியில் ஆபீஸ் கேம் பெட்டியை மாட்டி உன் கார்ட்ரிட்ஜைப் போட்டேன். அந்த அம்மா இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்தார். முதல்முறை பெயிண்டர் விழுந்தபோது "ஐயோ பாவம்" என்றார். பெயிண்டர் எழுந்து நின்றதும், "எழுந்துட்டாரே, நீ ஏன் கையை எடுத்துட்ட? ஆடு" என்றார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது, நான் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டிருந்தேன்.

பெயிண்டர் உன் சொல்லுக்காக எழவில்லை. நன்றாக எழுதப்பட்ட புரோகிராம், அதனால் எழுந்தார். எங்கள் அலுவலகத்தில் உன் அளவுக்கு இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறவர்கள் இல்லை. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்.

ஆனால் எழுகிற விதம் தவறு. படுக்கையிலிருந்து எழுந்த பிள்ளை மாதிரி நேராக நிற்கிறார். முதலில் ஒரு முழங்காலை ஊன்றட்டும். கை இடுப்புக்குப் போகட்டும். கட்டம் போட்ட தாளில் இரண்டு படம் வரைந்து வைத்திருக்கிறேன், அதையே போடு. இன்னொன்று. எழுந்தவுடன் ஏணி அவருக்குக் கிடைக்கக் கூடாது. ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினாலும் முதல் படியில் கால் வைத்து இறங்க வேண்டும். இரண்டாம் தடவையும் இறங்க வேண்டும். மூன்றாம் தடவை ஏறட்டும். ஆடுகிறவர்கள் பெட்டி பழுது என்று நினைத்துப் புகார் எழுதுவார்கள். எழுதட்டும்.

நாலாம் கட்டத்தைத் திரும்ப வை. உச்சியைத் தொடாவிட்டால் அவர் அத்தனை பாடுபட்டு எதற்கு ஏற வேண்டும்? இடம் வேண்டுமென்றால் தொடக்கப் பாட்டை எடுத்துவிடு. நான் ஆசைப்பட்டு வைத்த பாட்டு, மெஷினில் அதைக் கேட்கவே சிலர் நின்றுவிட்டுப் போவார்கள். பரவாயில்லை, எடு. டப்பாக்களுக்கும் இரண்டு நிறம் வேண்டாம், ஒன்று போதும்.

இந்தத் திருத்தங்களோடு ஒப்புதல் என்று கையெழுத்துப் போட்டு உன் மேனேஜருக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். பரிதாபத்தில் போட்டது இல்லை.

கடை மெஷினை மாற்ற மாட்டேன். அது இருக்கிறபடியே இருக்கும்.

அவர் ஏணியில் கால் வைத்து இறங்கினார் என்று அப்போது எனக்கு யாரும் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை, தெரியும். அவர் உடனே போய் ஏறிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா


மே 29

அக்கா,

கார்ட்ரிட்ஜ் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. ஏணி முதல் தடவை கிடைக்காததைப் பார்த்துக் கத்திரி, "இது என்னம்மா, வேலை செய்யல" என்றார். "மூல வடிவமைப்பாளர் எழுத்துல கேட்டிருக்காங்க சார்" என்றேன். அந்த ஒரு விஷயத்தை அவரால் வெட்ட முடியவில்லை. உச்சியில் காற்றும் அடிக்கிறது. பாட்டு போனதுதான் எனக்கு வருத்தம்.

அப்பாவிடம் புதிய மாதிரியைப் போட்டுக் கொடுத்தேன். விழுந்தார். பெயிண்டர் முழங்காலை ஊன்றி, இடுப்பைப் பிடித்து எழுந்தார்.

"நான் என்ன இவ்வளவு மெதுவாவா எழுந்தேன்?"

"இதைவிட மெதுவாப்பா."

"போடி" என்றார். பிறகு ஏணி. முதல் தடவை இறங்கினார், இரண்டாம் தடவை இறங்கினார். பெட்டி பழுதா என்று அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மூன்றாம் தடவை பெயிண்டர் ஏறியபோது அப்பா மூக்கை உறிஞ்சினார், ஜலதோஷம் என்றார்.

அப்புறம், "கடையில இருக்கிறதும் இதேதானா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அதுல விழுந்தா செத்துடுவீங்க. அக்கா அதை மாத்த மாட்டேன்னுட்டா."

"மாத்த வேண்டாம்" என்றார். "இது நீ பாத்தது. அது அவ பாத்தது. அதையும் நான் பாக்கணும்."

நம் தெருமுனையிலேயே ஒரு கடை இருக்கிறது, நான் ஆடிப் பழகிய கடை. அங்கே கூட்டிப் போகிறேன் என்றேன். வேண்டாமாம். அவளே காட்டட்டும் என்கிறார். வெள்ளிக்கிழமை அவரை ரயிலில் ஏற்றிவிடுகிறேன், சனி காலை அங்கே வந்துவிடுவார். எனக்கு லீவு இல்லை. கத்திரி கொடுத்தாலும் நான் வருவதாக இல்லை.

கைத்தடி கொண்டு வருகிறார், ஆனால் யாரும் பார்க்காதபோதுதான் ஊன்றுவார். அவரை எதிர்கொள்ள நீ என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்து வைக்காதே. அவர் தயார் செய்திருப்பது ஒரு இஸ்திரி போட்ட சட்டையை மட்டும்தான்.

சின்னவள்


ஜூன் 5

சின்னவளுக்கு,

ஸ்டேஷனில் இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெலிஞ்சுட்ட" என்றார். நான் பையை வாங்கிக்கொண்டேன். அறைக்கு வந்து குளித்துச் சாப்பிடுகிற வரைக்கும் ரயிலைப் பற்றியும் பக்கத்து சீட்டுக்காரன் குறட்டையைப் பற்றியும்தான் பேச்சு. மத்தியானம் அவரே சட்டையை மாற்றிக்கொண்டு, "போலாமா?" என்றார்.

கடையில் மூலையில் நிற்கிறது நம் மெஷின். திரையைப் பார்த்ததும், "ஒரு தட்டு கூடுதலா இருக்கு" என்றார். தடியை மெஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டு நின்றார். சொன்னால் நம்ப மாட்டாய், நன்றாக ஆடுகிறார். முதல் கட்டத்தை முடித்தார். இரண்டாவதில் கப்பிப் பலகையிலிருந்து தவறி விழுந்தார். அதில் பெயிண்டர் எப்படிக் கிடப்பார் என்று உனக்குத் தெரியும். அடுத்த ஆள் வந்தான், அவனும் விழுந்தான். அதற்கடுத்தவனும். ஆட்டம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது.

அவர் நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆபீஸ் பையோடு ஒருவர் முறைக்காக நின்றிருந்தார். லேசாகச் செருமினார். அப்பா ஓரமாக விலகி நின்று, அந்த மனிதர் ஆடுவதைப் பார்த்தார். அவரும் விழுந்தார்.

"சீக்கிரமாத்தான் நடந்துடுது" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"என்னை அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. உன்னை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா?"

இதை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, சின்னவளே. அம்மாவும் கேட்டதில்லை. யாரைச் சொல்லியும் குற்றமில்லை, அன்றைக்கு எல்லோருக்கும் வேறு கவலை இருந்தது.

"யாரும் இல்லப்பா. நடந்து போனேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அவ்வளவு தூரம்" என்றார். தடியை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வண்டிக்காகக் கையைத் தூக்கினேன். அவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். "நடந்தே போலாம்" என்றார். இடுப்பு வலிக்குமே என்றேன். "வலிச்சா உக்காரலாம்" என்றார். நடந்தோம். கடைவாசலில் எல்லாம் நின்று சுவரைப் பார்த்து, எவன் அவசரத்தில் இரண்டாம் கோட் அடிக்காமல் விட்டான், எவன் மழைநாளில் அடித்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிடித்த கையை அவரும் விடவில்லை, நானும் உருவிக்கொள்ளவில்லை. எதிரே வந்தவர்கள் விலகித்தான் போக வேண்டியிருந்தது. வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

அதெல்லாம் சனிக்கிழமை. இன்றைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சூட்டில் என் அறைத் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இடுப்புக்கு இதமாக இருக்கிறதென்று கட்டிலை எனக்கு விட்டுவிட்டு அவர் தரையில் படுத்திருக்கிறார். பகல் தூக்கம். திரும்பிப் போகிற டிக்கெட்டை மாற்றச் சொன்னார். எந்தத் தேதிக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா